மெக்சிகோவின் எலும்புக்கூட்டு பொம்மைகள்: மண்டையை விடுங்கள், கையைப் பாருங்கள்

கேள்வி இதுதான். மெக்சிகோ போய்வந்த உறவினர் ஒருவர் ஒரு சாண் உயர எலும்புக்கூட்டு பொம்மையைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். அகலமான தொப்பி, கையில் கிட்டார், வாய் நிறையப் பல். வீட்டுப் பெரியவர்கள், "இதையெல்லாம் கூடத்தில் வைக்கலாமா, ஏதாவது மாந்திரீக விஷயமா?" என்று முகம் சுளிக்கிறார்கள். கேட்டவருக்கு மூன்று சந்தேகங்கள்: இது சடங்குப் பொருளா? எவ்வளவு பழைய மரபு? கையால் செய்ததா, தொழிற்சாலையில் வார்த்ததா?

முதல் சந்தேகத்தை உடனே தீர்த்துவிடலாம். இது வணங்கும் உருவம் இல்லை, ஏவல் பில்லி சூனியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மெக்சிகோவில் குழந்தைகளுக்கு வாங்கித் தருவார்கள், நண்பர்களுக்குப் பரிசளிப்பார்கள், அலமாரியில் வைப்பார்கள். குழப்பம் வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சாந்தா முயெர்த்தே என்றொரு வழிபாடும் அதே நாட்டில் உண்டு. முக்காடிட்ட அங்கி, கையில் அரிவாள், சில சமயம் தராசு அல்லது உலக உருண்டை. இப்படி ஒரு எலும்புக்கூட்டுப் புனிதை. 2001இல் மெக்சிகோ நகரத்தின் தெபீத்தோ பகுதியில் தெருவோரமாக அந்த உருவத்தைப் பொதுவில் வைத்த பிறகு அந்த வழிபாடு வேகமாகப் பரவியது. கத்தோலிக்கத் திருச்சபை அதைக் கடுமையாகக் கண்டித்தும் வருகிறது. உங்கள் பொம்மை கிட்டார் வாசிக்கிறது. அது வேறு வம்சம். அதை கலாகா என்றோ கலாவேரா என்றோ சொல்வார்கள். பெரியவர்களிடம் தைரியமாகச் சொல்லலாம்.

இப்போது பொம்மையைக் கையில் எடுத்துப் பாருங்கள். முகத்தை விட்டுவிட்டுக் கைகளையும் முதுகையும் கவனியுங்கள். மண்டையோட்டுக்கு உதடு கிடையாது, கன்னம் கிடையாது, புருவம் கிடையாது. செய்பவர் என்ன முயன்றாலும் அந்த முகத்துக்கு ஒரே பாவம்தான்: பல்லைக் காட்டிக்கொண்டிருப்பது. கோபம், வெட்கம், களைப்பு, கர்வம் எதையும் அதில் எழுத முடியாது. ஆகவே ஆளைக் காட்ட வேண்டிய வேலை முழுவதும் உடம்பின் நிற்கும் விதத்துக்கும், தொப்பிக்கும், கையில் இருக்கும் கருவிக்கும் போய்விடுகிறது. நல்ல கைவினைஞர் செய்த கிட்டார்காரனின் இடது தோள் சற்று இறங்கியிருக்கும், தலை தந்தியின் பக்கம் சாய்ந்திருக்கும். சுமாரான பொம்மையில் கிட்டாரை ஒரு எலும்புக்கூட்டின் மேல் ஒட்டிவைத்தது போலத் தெரியும். விலையைவிட, வயதைவிட, இந்த ஒரு சோதனையைத்தான் நான் நம்புவேன்.

இந்தப் பொம்மைகளின் பட்டியலைப் பார்த்தாலே விஷயம் புரியும். பல் பிடுங்கும் மருத்துவர் (நோயாளியும் எலும்புக்கூடுதான்), முடி திருத்துபவர், தட்டச்சு செய்யும் எழுத்தர், சோள ரொட்டி தட்டும் பெண், பாவமன்னிப்பு கேட்கும் பாதிரியார், மணமக்கள், குடிகாரன், போலீஸ்காரர், மரியாச்சி வாத்தியக் குழு. சாவு எப்படி இருக்கும், அதற்குப் பின் என்ன என்ற விசாரணையெல்லாம் இவற்றில் அனேகமாக இல்லை. தெருவில் நடமாடும் ஆட்களை, அவர்களுடைய பிழைப்போடும் பவிசோடும் சேர்த்துச் செய்து, சதையை மட்டும் கழற்றிவிட்டிருக்கிறார்கள். சதை போனபின் பணக்காரர் யார், ஏழை யார் என்பதை உடையைக்கொண்டுதான் சொல்ல வேண்டும். அந்த உடையைச் சிரிப்பாய்ச் சிரிக்கவைப்பதுதான் இந்தக் கலையின் தொழிலே.

அடுத்தது, எவ்வளவு பழையது? இணையத்தில் தேடினால் "மூவாயிரம் ஆண்டு ஆஸ்டெக் மரபு" என்று அடித்துச் சொல்லும் பக்கங்கள் வரிசையாக வரும். பாதி உண்மை என்று கூடச் சொல்லத் தயங்குவேன். ஸ்பானியர் வருவதற்கு முன் அந்த மண்ணில் மண்டையோட்டு உருவங்கள் ஏராளம் என்பதில் சந்தேகமில்லை. மெக்சிகோ நகரத்தின் நடுவிலேயே, பழைய பெருங்கோயில் வளாகத்தை ஒட்டி, நரபலியிட்டவர்களின் மண்டையோடுகளைச் சுண்ணாம்புக் காரையில் பதித்துக் கட்டிய கோபுரத்தை 2015இல் தொல்லியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். இதுவரை 600க்கும் மேற்பட்ட மண்டையோடுகள் அங்கே கணக்கில் வந்திருக்கின்றன. அதே வளாகத்தில் கழுகு வீரர்களின் மண்டபத்தில் மரண உலகத்தின் அதிபதி மிக்ட்லான்தெகூட்லியின் ஆளுயரச் சுடுமண் சிலைகள் கிடைத்தன. விலா எலும்புக்குக் கீழே ஈரல் தொங்கிக்கொண்டிருக்கும் உருவம் அது. பார்த்தால் நகைச்சுவை எதுவும் தோன்றாது. அந்தச் சிலைக்கும் கிட்டார் வாசிக்கும் உங்கள் பொம்மைக்கும் நடுவே நேரான ஒரு கோடு போட வேண்டுமானால் சுமார் முந்நூறு ஆண்டு காலனி வரலாற்றைத் தாண்டிக் குதிக்க வேண்டியிருக்கும்.

அந்த நடுக்காலத்தில் என்ன இருந்தது என்பதற்கு ஓர் அருமையான சாட்சியம் இருக்கிறது. 1760களில் பிரான்சிஸ்கோ தே அஹோஃப்ரின் என்ற கப்புச்சின் துறவி ஸ்பெயினிலிருந்து வந்து மெக்சிகோவில் ஊர் ஊராகச் சுற்றினார். இறந்தோர் நாளுக்கு (நவம்பர் தொடக்கத்தில் இறந்தவர்களை நினைத்துப் படையல் வைக்கும் திருவிழா) முன்னால் நகரத்து அங்காடித் தாழ்வாரங்களில் சர்க்கரை மாவில் செய்த பொம்மைகள் குவிந்து கிடந்ததை அவர் எழுதிவைத்திருக்கிறார்: ஆட்டுக்குட்டிகள், சவப்பெட்டிகள், கல்லறைகள், இறந்தவர்களின் உருவங்கள், துறவிகள், கன்னியாஸ்திரிகள், ஆயர்கள், குதிரைவீரர்கள். கவனியுங்கள், இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்பே பட்டியலில் தொழிலும் பதவியும் வந்துவிட்டன. அந்தச் சர்க்கரைக் கலைக்கு அல்ஃபெனீக்கே என்று பெயர். ஸ்பெயினில் அரபிகளிடமிருந்து கற்ற மிட்டாய்ப் பக்குவம் கடல் கடந்து வந்தது. சகல ஆன்மாக்கள் தினமும் திருச்சபை கொண்டுவந்ததுதான். இறந்தவர்களுக்குப் படையல் வைக்கும் பழக்கம் மட்டும் இரண்டு பக்கமும் இருந்தது, ஒன்றோடொன்று கலந்துபோனது. எல்சா மல்வீதோ போன்ற மெக்சிகோ வரலாற்றாளர்கள், இன்று நாம் பார்க்கும் திருவிழாவின் பெரும்பகுதி ஐரோப்பியக் கத்தோலிக்கச் சரக்கு, அதற்கு ஆஸ்டெக் வேர் கட்டிவிட்டது 20ஆம் நூற்றாண்டுத் தேசிய உணர்வு என்று வாதிட்டார்கள். முழுக்க ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கைப்பொம்மைகளைப் பொறுத்தவரை அவர்கள் பக்கமே கனம் அதிகம் என்பது என் எண்ணம்.

சர்க்கரை மண்டையோட்டின் செய்முறை எளிது, கை மட்டும் பழகியிருக்க வேண்டும். சர்க்கரையைத் தண்ணீரும் சிறிது எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் பாகு காய்ச்சி, இரண்டு பாதியாகப் பிரியும் சுடுமண் அச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, சேர்த்துக் கட்டி, உள்ளே ஊற்றுவார்கள். ஓரம் இறுகியதும் அச்சைக் கவிழ்த்து நடுவில் இளகியிருக்கும் பாகைத் திரும்பப் பாத்திரத்திலேயே வடித்துவிடுவார்கள். உள்ளே கூடான மண்டையோடு கிடைக்கும். அதன் மேல் முட்டை வெள்ளைக்கருவில் அடித்த சர்க்கரைக் குழம்பால் பூவேலை, கண்ணில் ஜிகினாத் தாள், நெற்றியில் பெயர். யாருக்குக் கொடுக்கிறோமோ அந்த உயிரோடிருப்பவரின் பெயர்! காதலிக்கு அவள் பெயர் எழுதிய மண்டையோட்டைக் கொடுப்பது அங்கே சர்வசாதாரணம். ஆட்டுக்குட்டி, சவப்பெட்டி போன்ற உருவங்களுக்கு வேறு பக்குவம்: பொடித்த சர்க்கரை, வெள்ளைக்கரு, எலுமிச்சை, அதோடு சவுத்லே என்னும் ஓர் ஆர்க்கிட் கிழங்கின் பசை. அந்தப் பசைதான் மாவை இழுக்கவும் பிசையவும் இடம் கொடுக்கிறது. தொலூகா நகரத்து வளைவுத் தாழ்வாரங்களில் ஆண்டுதோறும் அக்டோபர் கடைசியில் இதற்கென்றே சந்தை கூடுகிறது.

காகித எலும்புக்கூட்டின் பூர்வீகம் வேறு. அது இறந்தோர் நாளில் பிறந்ததே அல்ல, ஈஸ்டரில் பிறந்தது. புனித சனிக்கிழமை அன்று யூதாஸ் என்ற பெயரில் காகிதக்கூழ் உருவங்களைச் செய்து, உடம்பெல்லாம் பட்டாசு கட்டி, தெருவின் குறுக்கே கயிற்றில் தொங்கவிட்டு வெடிப்பது மெக்சிகோவின் பழைய கொண்டாட்டம். யேசுவைக் காட்டிக்கொடுத்தவனைத் தண்டிப்பது சாக்கு; உருவம் பெரும்பாலும் கொம்பு வைத்த பிசாசாகவோ, ஊருக்குப் பிடிக்காத அரசியல்வாதியாகவோ இருக்கும். எலும்புக்கூடும் அதே கூட்டத்தில் ஒருவர். இந்த உருவங்களைச் செய்தவர்கள் கார்தொனேரோ என்ற காகித வேலைக்காரர்கள்: கார்னிவலுக்கு முகமூடி, ஈஸ்டருக்கு யூதாஸ், கிறிஸ்துமஸுக்கு மிட்டாய் நிரப்பி அடித்து உடைக்கும் பின்யாத்தா, நவம்பருக்கு மண்டையோடு என்று வருடம் முழுக்கப் பண்டிகையைத் துரத்திப் பிழைத்தவர்கள். செய்த பொருளில் பெரும்பகுதி வெடித்தோ, கிழிந்தோ, மழையில் கரைந்தோ போனது. அதனால்தான் 19ஆம் நூற்றாண்டுக் காகித எலும்புக்கூடுகளை அருங்காட்சியகங்களில் காண்பது அபூர்வம்.

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ 1940இல் வரைந்த கனவு என்ற ஓவியத்தை நீங்கள் எங்காவது பார்த்திருக்கலாம். கட்டிலில் அவர் படுத்திருப்பார், மேல்விதானத்தில் ஒரு எலும்புக்கூடு படுத்திருக்கும், அதன் உடம்பில் வெடிகள் கட்டியிருக்கும். கற்பனையல்ல, அப்படியொரு காகித யூதாஸை அவர் தம் கட்டிலின் மேல் நிஜமாகவே வைத்திருந்தார். அவருடைய கணவரும் சுவரோவியருமான டீகோ ரிவேராவும் ஆளுயர, இரண்டாள் உயர யூதாஸ்களையும் எலும்புக்கூடுகளையும் சேர்த்தார். இன்றும் அவருடைய அனாஹுவாகாய்யி அருங்காட்சியகத்திலும் பழைய ஓவியக்கூடத்திலும் அவை நிற்கின்றன. அவற்றில் பலவற்றைச் செய்து தந்தவர் கார்மென் கபாய்யேரோ என்ற பெண் கார்தொனேரா. ஓவியர்களின் பெயர் உலகமெங்கும் தெரியும், இந்தப் பெண்ணின் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இங்கே அச்சுக்கூடத்துக்குள் நுழையாமல் கதை நகராது. ஹொசே குவாதலூப்பே பொசாதா 1852இல் அகுவாஸ்காலியென்தெஸ் நகரில் பிறந்தவர். லெயோன் ஊரில் 1888இல் பெருவெள்ளம் வந்தபிறகு மெக்சிகோ நகரத்துக்குக் குடிபெயர்ந்து, அந்தோனியோ வானேகாஸ் அர்ரோயோவின் அச்சகத்துக்குப் படம் செதுக்கினார். கொலைச் செய்தி, அற்புதம், பாட்டு, சமையல் குறிப்பு எல்லாம் மலிவான ஒற்றைத்தாளில் தெருவில் விற்ற காலம். நவம்பர் வந்தால் எலும்புக்கூட்டுப் படமும் அதனடியில் நையாண்டிப் பாட்டும் வரும். உயிரோடிருக்கும் அமைச்சரும் பத்திரிகையாசிரியரும் செத்துப்போனதாகப் பாவித்து இரங்கற்பா பாடுவது அந்த வகை. இன்றும் மெக்சிகோ பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் தங்கள் ஆசிரியரைக் குறித்து அப்படி எழுதுகிறார்கள். பொசாதாவுக்கு முன்பே மானுவேல் மனிய்யா என்பவர் அதே அச்சகத்தில் எலும்புக்கூடுகளைச் செதுக்கியிருந்தார். ஆனால் எலும்புக்கூட்டைச் சைக்கிள் ஓட்டவும், தெருப் பெருக்கவும், டான் குயிக்ஸோட்டாகக் குதிரையில் பாயவும் விட்டவர் பொசாதாதான். 1913 ஜனவரியில் ஏழையாக இறந்தார், பொதுக்குழியில் புதைத்தார்கள். 1920களில் பிரெஞ்சு ஓவியர் ஜான் ஷார்லோ அந்தத் தாள்களைத் தேடிப்பிடித்துப் பேசியிருக்காவிட்டால் அவர் பெயரும் குழியோடு போயிருக்கும்.

பொசாதாவின் படங்களில் இறகுத்தொப்பி போட்ட பெண் மண்டையோடு ஒன்று உண்டு. தலையும் தொப்பியும் மட்டும்தான், உடம்பு இல்லை. தன் குலத்தை மறைத்துக்கொண்டு ஐரோப்பிய மேம்சாகிப் போல நடித்ததால் 'கடலைக்காரி' என்று ஏளனப் பெயர் வாங்கிய பெண்களைக் கிண்டல் செய்த படம் அது. ரிவேரா 1947இல் முடித்த, சுமார் 15 மீட்டர் நீளச் சுவரோவியத்தில், அலமேதா பூங்காவின் நடுவே இவளுக்கு முழு உடம்பும் நீளப் பாவாடையும் கழுத்தில் இறகுப்பாம்பு சால்வையும் கொடுத்து நிறுத்தினார். ஒரு பக்கம் பொசாதாவின் கையைக் கோத்திருக்கிறாள், மறு பக்கம் சிறுவன் ரிவேராவின் கையைப் பிடித்திருக்கிறாள். அன்றிலிருந்து அவள் கத்ரீனா. ஓவியம் இருந்த ஹோட்டல் 1985 நிலநடுக்கத்தில் சேதமானதால் சுவரோடு பெயர்த்து அருகிலேயே ஒரு தனி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள்.

இன்று நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் முக்கால்வாசி கத்ரீனாதான். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம். பவிசு காட்டுபவளைக் கேலி செய்யப் பிறந்த உருவம், இப்போது பவிசுக்கே அடையாளமாகி, அழகுப் போட்டி ஒப்பனையாகவும் சாராயப் புட்டி விளம்பரமாகவும் திரிகிறது. மெக்சிகோ நகரத்தில் இறந்தோர் நாளுக்கு நடக்கும் பெரிய ஊர்வலம் கூட 2016இல் தொடங்கியது. 2015இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் அப்படியொரு ஊர்வலத்தைக் கற்பனையாகக் காட்டியதைப் பார்த்து நகர நிர்வாகம் நிஜமாகவே நடத்த ஆரம்பித்தது. அதில் தப்பில்லை, மரபு என்பது அப்படித்தான் வளரும். ஆனால் கிராமத்து வீட்டுப் படையல்களில் எலும்புக்கூடு கட்டாயமே இல்லை. துலுக்கச் சாமந்தி, மெழுகுவர்த்தி, ரொட்டி, பழம், உப்பு, தண்ணீர், இறந்தவருக்குப் பிடித்த சாப்பாடு, புகைப்படம், அவ்வளவுதான். (அந்தத் துலுக்கச் சாமந்தியின் சொந்த ஊரும் மெக்சிகோதான். நம் பூக்கடைகளுக்கு அது பின்னால் வந்து சேர்ந்தது.) எலும்புக்கூட்டுக் கலை பெரும்பாலும் நகரத்துச் சந்தையின் பிள்ளை.

பொசாதாவின் தட்டையான படத்தைக் கையில் பிடிக்கும் உருவமாக மாற்றியதில் லினாரெஸ் குடும்பத்துக்குப் பெரிய பங்கு. பெத்ரோ லினாரெஸ் (1906–1992) மெக்சிகோ நகரத்தின் லா மெர்செத் சந்தைப் பகுதியில் வாழ்ந்த கார்தொனேரோ. அலெப்ரீகே என்ற விசித்திர மிருகங்களைப் படைத்தவர் என்றுதான் அவரை உலகம் அறியும், ஆனால் அவரும் அவருடைய மகன்களும் பேரன்களும் செய்த எலும்புக்கூடுகள் அதற்குச் சற்றும் குறைந்தவை அல்ல. 1985 செப்டம்பர் 19 நிலநடுக்கம் அவர்கள் நகரத்தைத் தகர்த்தபோது, இடிபாடுகளுக்கு நடுவே நின்ற ஆட்களை எலும்புக்கூடுகளாகவே செய்தார்கள். பிரிட்டிஷ் மியூசியத்துக்காக உலக முடிவையே அணு யுத்தமாகச் சித்தரிக்கும் ஒரு பெருங்கூட்டத்தைக் காகிதத்தில் செய்து கொடுத்தார்கள். பட்டாசு கட்டி வெடிக்கும் பொம்மை செய்த கைகள் அவை. 1990இல் மெக்சிகோ அரசு பெத்ரோவுக்குத் தேசிய விருது கொடுத்தது.

அந்த வேலையின் நுட்பத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. மூலப்பொருள் பழைய செய்தித்தாள், பழுப்புத்தாள், கோதுமை மாவுப் பசை. சுவரொட்டி ஒட்டக் காய்ச்சும் மைதாப் பசையேதான், வேறொன்றுமில்லை. பெரிய உருவமானால் நாணல் பிளாச்சு அல்லது கம்பியில் சட்டம் கட்டுவார்கள். மண்டையோட்டுக்குச் சுடுமண் அல்லது பிளாஸ்டர் அச்சு: அதன்மேல் பசையில் நனைத்த தாளைக் கிழித்துக் கிழித்து அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்ததும் கத்தியால் இரண்டாகக் கீறி அச்சைக் கழற்றி, பிளவைத் தாள்பட்டையால் மூடுவார்கள். கத்தரிப்பதில்லை, கிழிப்பார்கள், கிழிந்த ஓரம்தான் அடுத்த தாளோடு மேடு தெரியாமல் படியும். கை கால் எலும்புக்குத் தாளை இறுக்கிச் சுருட்டி, இரண்டு முனையிலும் உருண்டை வைத்துத் தடித்த மூட்டாக்குவார்கள். விலா எலும்பு சோதனையான இடம். ஒவ்வொரு விலாவும் தனியாகச் சுருட்டி, ஈரமாக இருக்கும்போதே வளைத்து, முதுகுத்தண்டில் கட்டிப் பசைத்தாள் சுற்ற வேண்டும். ஈரத்தில் சரியாக நின்ற வளைவு காயும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும், அதற்கும் சேர்த்து முன்கூட்டியே கொஞ்சம் அகட்டிவைக்கத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு வெள்ளைப் பூச்சு, அதன்மேல் கறுப்பில் பல்லும் மூட்டும் கோடும்.

வெயில்தான் இவர்களுடைய சூளை. சங்கடம் என்னவென்றால் மத்திய மெக்சிகோவில் ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலம், வியாபாரமோ நவம்பர் முதல் தேதிக்கு. ஒவ்வொரு அடுக்கும் காயாமல் அடுத்ததை ஒட்டினால் உள்ளே பூஞ்சை பிடித்து, வாங்கியவர் வீட்டில் போய் நாறும். ஆகவே அனுபவஸ்தர்கள் முன்கூட்டியே உடம்புகளைச் செய்து அடுக்கிவிட்டு, மழை மாதங்களில் வண்ணம் தீட்டும் வேலையைப் பார்ப்பார்கள்.

சின்னப் பொம்மைகளின் உலகம் தனி. கைகால்களுக்குச் சுருள்கம்பி வைத்து, தொட்டால் கிடுகிடுவென நடுங்கும் களிமண் எலும்புக்கூடுகள். நூலை இழுத்தால் மூடி திறந்து உள்ளிருப்பவர் எழுந்து உட்காரும் சவப்பெட்டிகள். கொண்டைக்கடலையைத் தலையாக வைத்து, கறுப்புத்தாளில் அங்கி சுற்றி, சவப்பெட்டி தூக்கிப் போகும் பாதிரிமார் ஊர்வலம். கடலையின் மூக்கே பாதிரியாரின் மூக்காகிவிடும்! இவ்வளவு சிக்கனமான சிற்பத்தை வேறெங்கும் பார்த்ததில்லை. இவை எல்லாம் ஒரு நவம்பரைத் தாண்டாத மலிவுப் பொருள்கள், அதனால்தான் செய்தவரின் கை இவ்வளவு துணிச்சலாக ஓடியிருக்கிறது.

களிமண்ணில் இரண்டு ஊர்களைக் குறிப்பிட்டாக வேண்டும். மிச்சோகான் மாநிலத்தில் மொரேலியாவுக்குப் பக்கத்தில் கபூலா. அங்கே தட்டும் குடமும் செய்துகொண்டிருந்த குயவர்களிடையே ஓவியரும் சிற்பியுமான ஹுவான் தோர்ரெஸ் குடியேறி, கத்ரீனா செய்யக் கற்றுக்கொடுத்தார். 1980களில் தொடங்கிய பழக்கம். இன்று ஊரே அதில் பிழைக்கிறது, 'கபூலா கத்ரீனா' என்பது பதிவுபெற்ற கூட்டு முத்திரை. ஒல்லியாக, உயரமாக, விரல் விரலாகச் செய்து, இறகையும் பூவையும் மண் இழைகளால் ஒட்டி முடைவார்கள். நூறாண்டு மரபு என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் வேலைப்பாடு முதல்தரம். மற்றது வஹாக்கா மாநிலத்தின் சான் பார்த்தோலோ கொயோதெபெக். கறுமண் பாண்டத்துக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே கார்லோமாக்னோ பெத்ரோ மார்த்தினெஸ் அந்தக் கறுப்பு மண்ணிலேயே எலும்புக்கூடுகளை வடிக்கிறார். வெள்ளையாகவே பார்த்துப் பழகிய உருவம் கறுப்பில் வரும்போது கேலி அடங்கி வேறு ஒரு கனம் வந்துவிடுகிறது. அதே மாநிலத்து மரச்செதுக்குக் கிராமங்களில் கொப்பால் மரத்திலும் எலும்புக்கூடு செதுக்குவார்கள்.

இனி உங்கள் மூன்றாவது சந்தேகம். கையில் எடுத்தவுடன் எடையைக் கவனியுங்கள். காகிதம் என்றால் உருவத்துக்குப் பொருந்தாத லேசு. களிமண் என்றால் அடிப்பக்கத்தில் பூச்சுப்படாத மண் தெரியும், உள்கூடான பாகத்தில் சூளையில் காற்று வெளியேற ஒரு சிறு துளை இருக்கும். ரெசின் வார்ப்பு என்றால் கனமாக இருக்கும், கமுக்கட்டிலும் கால்களின் உட்புறத்திலும் அச்சின் இணைப்புக்கோடு ஓடும், விலா எலும்புகள் உண்மையில் பிரிந்திருக்காது, மேடுபள்ளமாக மட்டும் இருக்கும். இந்தக் கடைசி விஷயம் ஏறக்குறைய பொய்க்காத அடையாளம்: விலாக்களுக்கு இடையே குண்டூசி நுழைந்து மறுபக்கம் போகிறதா பாருங்கள். பற்களின் கோட்டையும் பாருங்கள். தூரிகையால் இழுத்த கோடு தொடங்குமிடத்தில் தடித்து முடியுமிடத்தில் மெலியும், இரண்டு பற்கள் ஒரேமாதிரி இருக்காது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: தலையை அச்சில் செய்திருப்பதால் போலி என்று தள்ளிவிடாதீர்கள், அச்சு இந்தக் கலையில் ஆதியிலிருந்தே உண்டு. கையெழுத்து இல்லாததும் குறையல்ல, சந்தைப் பொம்மைகளில் பெரும்பாலானவற்றில் பெயர் இருக்காது. பொம்மை ரெசின் என்று தெரிந்தால் உறவினரிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், அன்பாகக் கொண்டுவந்தது.

காகிதம் என்றால் பராமரிப்பில் கவனம் தேவை. ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, உலர்ந்த மென்தூரிகை போதும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்தால் மழைக்காலத்தில் சுவரின் ஓதம் ஏறும், ஒரு விரற்கடை தள்ளியே வையுங்கள். மாவுப்பசை என்பதால் வெள்ளிப்பூச்சிக்கும் கரப்பானுக்கும் அது சாப்பாடு. கண்ணாடி அலமாரி நல்லது, நேர்வெயில் வேண்டாம், சாயம் வெளுத்துவிடும். மரம் என்றால் அடியில் பொடிப்பொடியாகத் தூள் உதிர்கிறதா என்று பாருங்கள். கொப்பால் மரத்தில் புழு இருப்பது சகஜம். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் சுற்றிச் சில நாள் ஃப்ரீசரில் வைத்தெடுத்தால் புழு சாகும். எடுத்தவுடன் பையைப் பிரிக்காமல் அறைச்சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள், இல்லாவிட்டால் வண்ணத்தின் மேல் ஈரம் கோத்துக்கொள்ளும். காகித விரலோ தொப்பியின் விளிம்போ ஒடிந்தால் சூப்பர் பசையைத் தொடாதீர்கள், அது இறுகி அடுத்த முறை பக்கத்து எலும்பையும் சேர்த்துப் பிய்க்கும். மாவுப்பசையில் நனைத்த சிறு தாள்பட்டையைக் கிழித்துச் சுற்றி, முழுவதும் காய்ந்த பிறகு மேலே வெள்ளை அக்ரிலிக் பூசிக்கொள்ளலாம். கார்தொனேரோவும் அதைத்தான் செய்வார்.